விண்வெளியிலிருந்து விழுந்த ஃபிலிம் சுருள்

ஒரே திட்டம் வரிசையாக 12 முறை தோற்றால், 13-வது முறைக்கு யார் காசு கொடுப்பார்கள்? அமெரிக்கா கொடுத்தது. 1959 பிப்ரவரியில் தொடங்கிய ‘டிஸ்கவரர்’ செயற்கைக்கோள் வரிசையில் எல்லாமே கோணலாகப் போனது. ஒன்றில் நான்கு எலிகளை ஏற்றினார்கள். ராக்கெட் சுற்றுப்பாதையையே எட்டவில்லை. இன்னொன்றில் பூமிக்கு இறங்க வேண்டிய கேப்சூல், திசை மாறி இன்னும் மேலே போய்விட்டது. தடம் மாறிப் பறந்த ஒரு ராக்கெட்டைத் தாங்களே வெடிக்க வைக்க வேண்டியிருந்தது. வெளியே சொன்னது அறிவியல் ஆராய்ச்சி என்று. அந்தப் பாவப்பட்ட எலிகளும் அந்தப் பொய்க்காகப் போனவைதான்.

உண்மையில் அது ‘கொரோனா’ என்ற உளவுத் திட்டம். 1958 பிப்ரவரியில் அதிபர் ஐசனோவர் ஒப்புதல் கொடுத்திருந்தார். ராக்கெட்டும் ஏவுதளமும் விமானப்படையின் பொறுப்பு; கேமரா சிஐஏ-வின் பொறுப்பு. 1949-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சிஐஏ இயக்குநர் ரசீது காட்டாமலே ரகசியச் செலவு செய்யலாம். கேமரா வாங்கிய விஷயம் வெளியே கசியாமல் இருக்க இந்த வசதி உதவியது. இத்தனை தோல்விகளுக்குப் பிறகு சாதாரண ஆராய்ச்சித் திட்டம் ஒன்றை நாடாளுமன்றத்தில் கிழித்துத் தொங்கவிட்டிருப்பார்கள். இதற்குப் பணம் வந்துகொண்டே இருந்தது. ஏனென்றால் ஐசனோவருக்கு ஒரு எண்ணிக்கை தெரிந்தாக வேண்டும்: சோவியத்திடம் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகள் எத்தனை? உயரப் பறந்து படமெடுத்த யு-2 விமானத்தை 1960 மே 1 அன்று சோவியத் சுட்டு வீழ்த்திய பிறகு, அதைத் தெரிந்துகொள்ள வேறு நல்ல வழியும் இல்லை.

சரி, கேமரா எப்படி வேலை செய்தது? சுமார் 160 கி.மீ. உயரம், 61 செ.மீ. குவியத் தூரமுள்ள (லென்ஸிலிருந்து படம் விழும் ஃபிலிம் வரையுள்ள தொலைவு) லென்ஸ். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால், தரையில் ஏறத்தாழ 260 மீட்டர் ஃபிலிமில் ஒரு மில்லிமீட்டராகச் சுருங்கும். முதல் கேமராக்களில் 12 மீட்டர் அளவுள்ள பொருளைத்தான் பிரித்தறிய முடிந்தது. அதாவது ஃபிலிமில் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. அதைப் பூதக்கண்ணாடி வைத்து ஆட்கள் உட்கார்ந்து தேடினார்கள். கடைசிக் கேமராக்களில் இது 2 மீட்டருக்கும் கீழே வந்துவிட்டது.

இன்னொரு தலைவலி வேகம். செயற்கைக்கோளுக்குக் கீழே தரை நொடிக்கு 7 கி.மீ.க்கு மேல் ஓடுகிறது. ஷட்டரை நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு திறந்தால்கூட அதற்குள் தரை 15 மீட்டர் நகர்ந்திருக்கும், படம் கலங்கிவிடும். ஓடும் ரயிலிலிருந்து பக்கத்துத் தண்டவாளத்தைப் படமெடுத்துப் பார்த்தவர்களுக்குப் புரியும். ஆகவே படம் விழும் கணத்தில் தரையின் ஓட்டத்துக்கு ஈடாகக் கேமராவின் பாகங்களும் நகரும்படி செய்தார்கள். அப்புறம் ஃபிலிமே பிரச்சினை செய்தது. அந்தக் காலத்து அசிடேட் ஃபிலிம் காற்றில்லாத வெளியில் காய்ந்து அப்பளம்போல நொறுங்கியது. கோடாக் நிறுவனம் பாலியஸ்டர் ஃபிலிம் செய்து கொடுத்த பிறகுதான் அது தீர்ந்தது.

படம் எடுத்தாயிற்று, கீழே எப்படிக் கொண்டுவருவது? அனுப்புமளவுக்குத் தெளிவான டிவி தொழில்நுட்பம் அப்போது கிடையாது. ஃபிலிமையே இறக்கினார்கள். சுற்றி முடிந்த சுருள், கேப்சூலுக்குள் போகும். அதைப் பம்பரம்போலச் சுழலவிட்டு நிலைப்படுத்தி, எதிர்த்திசை ராக்கெட்டால் வேகத்தைக் குறைப்பார்கள். காற்றில் உரசும்போது வெளிக்கவசம் கொஞ்சம் கொஞ்சமாக எரிந்து உதிரும். வெப்பம் அதோடு போய்விடும். பிறகு பாராசூட் விரியும். ஹவாய் பக்கம் காத்திருக்கும் விமானம், பின்னால் தொங்கும் கொக்கிகளால் அந்தப் பாராசூட்டை நடுவானில் மாட்டி இழுத்துக்கொள்ளும். தவறிக் கடலில் விழுந்தால்? கேப்சூலில் உப்பாலான ஓர் அடைப்பு இருக்கும். கொஞ்ச நாள் மிதக்கும். உப்பு கரைந்ததும் தண்ணீர் புகுந்து மூழ்கிவிடும், எதிரி எடுத்துவிடாமல். இத்தனை கோடியில் எனக்கு மிகவும் பிடித்த பாகம் இந்த உப்புக்கட்டிதான்.

1960 ஆகஸ்ட் 19 அன்று டிஸ்கவரர் 14-இன் கேப்சூலைக் கேப்டன் ஹெரால்ட் மிட்செல் ஓட்டிய விமானம் மூன்றாவது முயற்சியில் பிடித்தது. உள்ளே சுமார் 9 கிலோ ஃபிலிம். அதுவரை பறந்த எல்லா யு-2 விமானங்களும் சேர்ந்து எடுத்ததைவிட அதிகமான சோவியத் நிலப்பரப்பு அந்த ஒரே சுருளில் இருந்தது.

நூற்றுக்கணக்கில் ஏவுகணைகள் வரப்போகின்றன என்று அமெரிக்காவில் பயம்காட்டிக்கொண்டிருந்தார்கள். 1961 செப்டம்பரில் உளவுத்துறை சொன்ன கணக்கு, 10 முதல் 25 ஏவுதளங்கள், அவ்வளவுதான். 1967-இல் அதிபர் லிண்டன் ஜான்சன் ஒரு கூட்டத்தில் மனம் திறந்து பேசினார்: விண்வெளிக்காக 35, 40 பில்லியன் டாலர் செலவழித்தோம், விண்வெளிப் படங்களால் கிடைத்த அறிவு மட்டுமே அதைப்போல் பத்து மடங்கு பெறும், நம் ஊகங்கள் தப்பு, தேவையில்லாததையெல்லாம் கட்டிக்கொண்டிருந்தோம் என்று. ஏவுகணைப் பயத்தைச் சொல்லி 1960 தேர்தலில் வாக்குக் கேட்ட கூட்டணியில் துணை அதிபர் வேட்பாளராக நின்றவரும் இதே ஜான்சன்தான் என்பதைச் சேர்த்துப் படித்தால் சுவை கூடும்.

ஃபிலிமின் பெரிய குறை தாமதம். 1968-இல் சோவியத் படைகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் நுழையத் தயாராக நின்றதைக் காட்டிய படங்கள், படையெடுப்பு நடந்த பிறகே கைக்கு வந்தன. 1972-இல் கொரோனா முடிந்தது. 1976 டிசம்பரில் ஏவப்பட்ட கேஎச்-11 என்ற அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள், படத்தை மின்னணு முறையில் உடனுக்குடன் அனுப்பியது. கொக்கி விமானங்களின் தேவை அதோடு குறையத் தொடங்கியது.

இந்தியாவும் இந்த வழியில் வந்தது. கார்கில் போருக்குப் பிறகு, 2001 அக்டோபரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய செயற்கைக்கோள் ஒரு மீட்டர் நுணுக்கத்தில் படமெடுத்தது. அதன் பெயர் என்னவோ ‘தொழில்நுட்பச் சோதனைச் செயற்கைக்கோள்’. 2024 அக்டோபரில் 52 கண்காணிப்புச் செயற்கைக்கோள்களுக்கு ஏறத்தாழ 27,000 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் கிடைத்தது. அதில் 31 செயற்கைக்கோள்களைத் தனியார் நிறுவனங்கள் செய்யும்.

கொரோனா படங்களை, சுமார் 8 லட்சத்து 60 ஆயிரம், 1995-இல் பில் கிளிண்டன் ரகசியப் பட்டியலிலிருந்து விடுவித்தார். இப்போது அவற்றை அதிகம் புரட்டுபவர்களில் தொல்லியல் ஆய்வாளர்களும் உண்டு. யூப்ரடீஸ் கரையில் இருந்த பழைய சம்சாத் நகரம், துருக்கி கட்டிய அத்தாதுர்க் அணையின் தண்ணீருக்குள் போய்விட்டது. ஏவுகணை தேடிப் போன அந்தக் கேமராவின் படங்களில், ஆற்றோரத்து நிலம் அணைக்கு முன்பு இருந்தபடியே காய்ந்து கிடக்கிறது.