ரீஃபண்ட் வரவில்லை, 'ரிட்டர்ன் போடவில்லை' என்று நோட்டீஸ் மட்டும் வந்திருக்கிறதா?

வருமான வரி விஷயத்தில் சம்பளக்காரர்களும் பென்ஷன்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இரண்டு. ரீஃபண்ட் ஏன் இன்னும் வரவில்லை? ஒழுங்காக ரிட்டர்ன் போட்ட எனக்கு 'நீங்கள் போடவில்லை' என்று ஏன் நோட்டீஸ் வருகிறது? பார்க்க வெவ்வேறு புகார்கள். ஆனால் பல நேரம் இரண்டுக்கும் காரணம் ஒன்றே. நாம் போட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கும் ரிட்டர்ன், துறையின் கணக்கில் போடாததாகவே கிடக்கிறது.

முன்கூட்டியே ஒன்று. இங்கே சொல்லும் பிரிவு எண்கள் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தினுடையவை. 2026 ஏப்ரல் 1 முதல் ஈட்டும் வருமானத்துக்கு 2025ஆம் ஆண்டின் புதிய சட்டம் பொருந்தும். அதில் எண்கள் மாறியிருக்கும். அதற்கு முந்தைய ஆண்டுகளின் ரீஃபண்டும் நோட்டீஸும் பழைய சட்டப்படியே நடக்கும்.

ரிட்டர்னைப் பதிவேற்றி, பச்சை நிற டிக் வந்ததும் கணினியை மூடிவிடுகிறவர்கள் ஏராளம். பதிவேற்றிய நாளிலிருந்து 30 நாட்களுக்குள் அதை வெரிஃபை செய்ய வேண்டும். ஆதாரோடு இணைந்த மொபைலுக்கு வரும் ஓடிபி, நெட் பேங்கிங், டீமேட் கணக்கு என்று எந்த வழியிலும் செய்யலாம். எதுவும் சரிப்படாவிட்டால் ஐடிஆர்-வி என்ற ஒப்புகைப் படிவத்தில் கையெழுத்திட்டு, ரிட்டர்ன்களைப் பரிசீலிக்கும் துறையின் மையமான பெங்களூரு சிபிசிக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பலாம். வெரிஃபை ஆகாத ரிட்டர்ன் கையெழுத்தில்லாத செக் மாதிரி. தொகை, தேதி, பெயர் எல்லாம் இருந்தும் செல்லாது. 30 நாள் கழித்து வெரிஃபை செய்தால், செய்த அந்த நாள்தான் தாக்கல் செய்த நாளாக எடுத்துக்கொள்ளப்படும். அந்த நாள் ரிட்டர்ன் போடும் கெடுவைத் தாண்டியிருந்தால் 234எஃப் பிரிவின்படி தாமதக் கட்டணமும் வரும். வருமானம் 5 லட்சத்துக்குள் இருந்தால் 1,000 ரூபாய், அதற்கு மேல் என்றால் 5,000. தாமதத்துக்கு நியாயமான காரணம் இருந்தால் துறையின் இணையதளமான போர்ட்டலிலேயே 'கண்டோனேஷன் ரிக்வெஸ்ட்' போட்டு மன்னிப்பு கேட்க இடமுண்டு.

ஆகவே முதலில் பார்க்க வேண்டிய இடம் போர்ட்டலில் 'வியூ ஃபைல்டு ரிட்டர்ன்ஸ்' பக்கம். அந்தந்த ஆண்டுக்கு எதிரே ரிட்டர்ன் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று வரிசையாகக் காட்டும். அங்கே வெரிஃபிகேஷன் பாக்கி என்று இருந்தால், சிபிசிக்கு எத்தனை போன் போட்டாலும் ரீஃபண்ட் நகராது. அதே பக்கத்தில் மதிப்பீட்டு ஆண்டையும், அதாவது வருமானம் ஈட்டிய ஆண்டுக்கு அடுத்த ஆண்டையும், சரிபாருங்கள். 2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரையிலான வருமானத்துக்கு மதிப்பீட்டு ஆண்டு 2024-25. இதில் ஓராண்டு தள்ளிப் போட்டவர்களுக்குத்தான் ஒரு வருடம் காலி என்று நோட்டீஸ் வரும். துறையைக் குறை சொல்லிப் பயனில்லை, அவர்கள் கணக்கில் அந்த வருடம் உண்மையிலேயே காலி.

இன்னொரு கண்ணி, 139(9) பிரிவின்படி வரும் குறைபாட்டு நோட்டீஸ். தவறான படிவம் அல்லது டிடிஎஸ்ஸுக்கு (சம்பளத்திலோ வட்டியிலோ முன்கூட்டியே பிடித்த வரிக்கு) கழிவு கேட்டுவிட்டு அதற்கான வருமானத்தைக் காட்டாதது போன்ற காரணங்களுக்கு வருவது. திருத்தித் தர 15 நாள் அவகாசம். பதில் தராவிட்டால் ரிட்டர்ன் செல்லாததாகிவிடும், போடாததற்குச் சமம். இது எப்போதோ உருவாக்கிய மின்னஞ்சலுக்குப் போய், அதை யாரும் திறக்காமலே காலக்கெடு ஓடிவிடும். ரிட்டர்ன் போட்டுக் கொடுத்தவரின் மின்னஞ்சலும் மொபைல் எண்ணும்தான் உங்கள் கணக்கில் இருக்கிறதென்றால், இன்றே மாற்றுங்கள்.

வெரிஃபை ஆன பிறகு சிபிசி 143(1) பிரிவின்படி ரிட்டர்னைப் பரிசீலித்து ஓர் அறிவிப்பு அனுப்பும். 2023-24 மதிப்பீட்டு ஆண்டில் சராசரிப் பரிசீலனைக் காலம் 10 நாள் என்று நேரடி வரிகள் வாரியமே அறிவித்தது. அதனால்தான் பக்கத்து வீட்டுக்காரருக்கு இரண்டே வாரத்தில் பணம் வந்தால் நமக்குப் பதறுகிறது. ஆனால் சட்டம் தரும் அவகாசம் நீளம்: ரிட்டர்ன் தாக்கல் செய்த நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதம். 2025 செப்டம்பரில் போட்ட ரிட்டர்னுக்கு 2026 டிசம்பர் 31 வரை அவர்களுக்கு நேரம் உண்டு.

அந்த அறிவிப்பு பூட்டிய பிடிஎஃப்பாக வரும். பாஸ்வேர்டு, பான் எண் சின்ன எழுத்துகளில், இடைவெளி விடாமல் பிறந்த தேதி. உள்ளே இரண்டு பத்திகள் இருக்கும். இடப்பக்கம் நீங்கள் காட்டிய தொகை, வலப்பக்கம் அவர்கள் கணக்கிட்டது. இரண்டும் எந்த வரியில் பிரிகின்றன என்று விரலை வைத்துக்கொண்டே இறங்குங்கள். ரீஃபண்ட் குறைந்ததற்கான காரணம் அங்கேதான் இருக்கும். அநேகமாக டிடிஎஸ் வரியில். நிறுவனமோ வங்கியோ பிடித்த வரியை உங்கள் பான் எண்ணில் காட்டாமல் விட்டிருந்தால் அது, உங்கள் பெயரில் சேர்ந்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையில் ஏறாது. அதைத் திருத்த வேண்டியவர்கள் பிடித்தவர்கள்தான். அவர்கள் டிடிஎஸ் அறிக்கையைத் திருத்திய பிறகு, 154 பிரிவின்படி திருத்த மனுவைப் போர்ட்டலிலேயே போடலாம். இதற்கு நான்கு ஆண்டு வரை இடமுண்டு. மனு வந்த மாதம் முடிந்து ஆறு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது துறைக்கு விதித்த கெடு.

பரிசீலனை முடிந்து, ரீஃபண்ட் உண்டு என்று காட்டிய பிறகும் பணம் வரவில்லையா? வங்கிக் கணக்கைப் பாருங்கள். ரீஃபண்ட் இப்போது போர்ட்டலில் முன்கூட்டியே சரிபார்த்து, ரீஃபண்டுக்கென்று தேர்ந்தெடுத்த கணக்குக்கு மட்டுமே போகும். கணக்கில் உள்ள பெயரும் பானில் உள்ள பெயரும் பொருந்த வேண்டும். வங்கியில் 'கே. செல்வி', பானில் 'செல்வி கண்ணன்' என்று இருந்தால் சிக்கல். இனிஷியல் போடும் நம் ஊர்ப் பழக்கத்துக்கும் குடும்பப் பெயர் கேட்கும் படிவங்களுக்கும் ஆகவே ஆகாது. வங்கி இணைப்புகளும் ஒரு காரணம். கரூர் லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கியோடும், அலகாபாத் வங்கி அதே ஆண்டு ஏப்ரலில் இந்தியன் வங்கியோடும் இணைந்தன. பழைய ஐஎஃப்எஸ்சி எண்ணை அப்படியே விட்டிருந்தால் பணம் திரும்பிப் போகும். கணக்கைச் சரிசெய்து, மீண்டும் சரிபார்த்து, 'ரீஃபண்ட் ரீஇஷ்யூ' கோரிக்கை போட வேண்டும். கணக்கை மட்டும் திருத்திவிட்டுக் காத்திருந்தால் நடக்காது.

ஆதாரோடு இணைக்காத பான் 2023 ஜூலை 1 முதல் செயலற்றது. அப்படி இருக்கும்வரை ரீஃபண்டும் கிடையாது, அந்தக் காலத்துக்கு வட்டியும் கிடையாது. 1,000 ரூபாய் கட்டி இணைத்த பிறகே அசையும். இணைப்பிலிருந்து விலக்கு பெற்றவர்களும் உண்டு. 80 வயதைக் கடந்தவர்கள் அதில் அடக்கம்.

பழைய பாக்கி இருந்தால் 245 பிரிவின்படி ரீஃபண்டை அதில் கழித்துக்கொள்வார்கள். ஆனால் முன்கூட்டியே உங்களுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பத்து வருடத்துக்கு முந்தைய பாக்கி ஒன்று திடீரென்று முளைத்தால், 'ரெஸ்பான்ஸ் டு அவுட்ஸ்டேண்டிங் டிமாண்ட்' பகுதியில் மறுப்பைப் பதிவு செய்யுங்கள். கட்டியிருந்தால் சலான் விவரத்தைக் கொடுங்கள். சும்மா இருந்தால் ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்வார்கள்.

தாமதத்துக்கு வட்டி உண்டு, கேட்காமலே தர வேண்டும். 244ஏ பிரிவின்படி மாதத்துக்கு அரை சதவீதம், மாதத்தின் ஒரு பகுதியும் முழு மாதமாகக் கணக்கு. கெடுவுக்குள் போட்டவர்களுக்கு டிடிஎஸ் ரீஃபண்டின் மேல் மதிப்பீட்டு ஆண்டின் ஏப்ரல் 1 முதல் வட்டி ஓடும். 24,000 ரூபாய் ரீஃபண்ட் நவம்பர் 10இல் வந்தால், ஏப்ரல் முதல் நவம்பர் வரை எட்டு மாதம், 4 சதவீதம், 960 ரூபாய். கெடு தாண்டிப் போட்டவர்களுக்குத் தாக்கல் செய்த நாளிலிருந்துதான். கட்ட வேண்டிய மொத்த வரியில் 10 சதவீதத்துக்கும் குறைவான ரீஃபண்டுக்கு வட்டி இல்லை. வந்த வட்டி அடுத்த ரிட்டர்னில் இதர வருமானம். இதைக் காட்ட மறப்பவர்கள் நிறைய.

இனி, போடவில்லை என்ற நோட்டீஸ். முதல் வேலை அது உண்மையா என்று பார்ப்பது. 2019 அக்டோபர் 1 முதல் துறையின் ஒவ்வொரு கடிதத்திலும் டிஐஎன் என்ற ஆவண அடையாள எண் இருக்க வேண்டும். போர்ட்டலின் முகப்பிலேயே, உள்ளே நுழையாமல், அந்த எண்ணைக் கொடுத்துச் சரிபார்க்கலாம். ரீஃபண்ட் தருகிறோம், இந்த லிங்கை அழுத்துங்கள், ஓடிபி சொல்லுங்கள் என்று வருவதெல்லாம் திருட்டு வேலை.

உண்மையானவற்றிலும் தரம் உண்டு. எஸ்எம்எஸ்ஸிலும் மின்னஞ்சலிலும் வரும் நினைவூட்டல் வெறும் தட்டியெழுப்பல். வங்கி, சார்பதிவாளர் அலுவலகம், மியூச்சுவல் ஃபண்ட் எல்லாம் தரும் தகவல்களை உங்கள் பானோடு ஒப்பிட்டுக் கணினியே அனுப்புவது. 142(1) நோட்டீஸ் அப்படியல்ல. அது ரிட்டர்ன் தாக்கல் செய்யச் சொல்லும் சட்டபூர்வ உத்தரவு. மதிக்காவிட்டால் தவறு ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அதிகாரி தன் கையிலுள்ள தகவலை வைத்து 144 பிரிவின்படி அவராகவே வரியை நிர்ணயிக்கவும் முடியும். 148ஏ என்று வந்தால் பழைய ஆண்டைத் திரும்பத் திறக்கப் பார்க்கிறார்கள் என்று பொருள். அந்த இடத்தில் ஆடிட்டர் இல்லாமல் நீங்களே பதில் எழுத வேண்டாம்.

ரிட்டர்ன் சரியாகப் போட்டிருந்தாலும் பதில் போட்டே ஆக வேண்டும். 'நான்தான் போட்டுவிட்டேனே, அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்' என்று விடுவதுதான் இதில் மிகப் பெரிய தப்பு. நினைவூட்டல் என்றால் 'பெண்டிங் ஆக்‌ஷன்ஸ்' வழியாகக் கம்ப்ளையன்ஸ் போர்ட்டலுக்குப் போய், ரிட்டர்ன் தாக்கல் செய்யப்பட்டது என்ற விடையைத் தேர்ந்து, தேதியையும், ரிட்டர்ன் ஒப்புகையில் உள்ள 15 இலக்க அக்னாலெட்ஜ்மென்ட் எண்ணையும் கொடுத்தால் போதும். முறையான நோட்டீஸ் என்றால் 'இ-ப்ரொசீடிங்ஸ்' பகுதியில் பதில். நாலு வரி போதும்: எந்த மதிப்பீட்டு ஆண்டு, என்று தாக்கல், என்று வெரிஃபிகேஷன், அக்னாலெட்ஜ்மென்ட் எண் என்ன. கூடவே ரிட்டர்ன் நகலும் 143(1) அறிவிப்பும். பதில் போட்டதற்கான ரசீதை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தகவலே தப்பாக இருக்கவும் வாய்ப்புண்டு. அண்ணனும் தம்பியும் சேர்ந்து விற்ற மனையின் முழு விலையும் ஒருவர் பானில் ஏறியிருக்கும். உங்களிடமே இரண்டு பான் இருந்து, ஒன்றில் ரிட்டர்னும் மற்றொன்றில் வங்கி டெபாசிட்டும் போயிருக்கும். அப்படியென்றால் ஒன்றை ஒப்படைத்துவிடுங்கள். உங்களைப் பற்றித் துறைக்கு வந்த தகவல்களைத் தொகுத்துக் காட்டும் ஏஐஎஸ் அறிக்கையில் ஒவ்வொரு தகவலுக்கும் எதிரே கருத்துச் சொல்லும் வசதி இருக்கிறது. தொகை சரியில்லை, வேறொருவருடையது, இரண்டு முறை வந்திருக்கிறது என்று அங்கே குறித்தால் தகவல் தந்தவரிடம் அது சரிபார்க்கப் போகும்.

ரிட்டர்ன் போடவே தேவையில்லாதவர்களுக்கும் நோட்டீஸ் வரும். 75 வயதைத் தாண்டி, பென்ஷனும் அதே வங்கியின் வட்டியும் மட்டுமே வருமானமாக உள்ளவர்கள் வங்கியில் 12பிபிஏ படிவம் கொடுத்திருந்தால் 194பி (194P) பிரிவின்படி விலக்கு. அவர்கள் அதைச் சொல்லிப் பதில் தரலாம். ஆனால் வருமானம் வரம்புக்குள் என்பதை மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது. வெளிநாட்டுப் பயணத்துக்கு 2 லட்சத்துக்கு மேலோ, மின் கட்டணத்துக்கு ஓராண்டில் 1 லட்சத்துக்கு மேலோ செலவழித்தவரும், 25,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் டிடிஎஸ் பிடிக்கப்பட்டவரும் ரிட்டர்ன் போட்டே ஆக வேண்டும். மூத்த குடிமக்களுக்கு அந்த டிடிஎஸ் வரம்பு 50,000. இறந்தவர் பெயரில் நோட்டீஸ் வந்தால் வாரிசு ஒருவர் போர்ட்டலில் சட்டபூர்வ வாரிசாகப் பதிந்து பதில் தர வேண்டும். இறந்தவருக்குச் சேர வேண்டிய ரீஃபண்டுக்கும் அதே பதிவுதான் வழி.

இவ்வளவு செய்தும் நகராவிட்டால் போர்ட்டலில் உள்ள புகார்ப் பகுதியில் பதியுங்கள். அக்னாலெட்ஜ்மென்ட் எண்ணும் முந்தைய கோரிக்கைகளின் எண்களும் சேர்த்தே எழுதுங்கள், இல்லாவிட்டால் 'விவரம் போதவில்லை' என்று மூடிவிடுவார்கள். அடுத்த படி மத்திய அரசின் பொதுக் குறைதீர் தளமான சிபிகிராம்ஸ். சிபிசி உதவி எண் 1800 103 0025.

ரிட்டர்னே போடாமல் கெடு தாண்டி, ரீஃபண்ட் மட்டும் துறையிடம் நிற்கிறதென்றால் 119(2)(பி) பிரிவு இருக்கிறது. 2024 அக்டோபர் 1ஆம் தேதி வந்த சுற்றறிக்கையின்படி, மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுக்குள் தாமதத்தை மன்னிக்கக் கோரலாம். 1 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கைகளை முதன்மை ஆணையர் அல்லது ஆணையர் தீர்மானிப்பார். காரணம் உண்மையானதாக, ஆவணத்தோடு இருக்க வேண்டும். மருத்துவமனைச் சீட்டு, இறப்புச் சான்றிதழ் போன்றவை செல்லும். தாமதமாகக் கேட்டுப் பெறும் இந்த ரீஃபண்டுக்கு வட்டி கிடையாது.