டப்பாவுக்குள் பிழைத்த சிரிப்பு

1927இன் கடைசி நாளில் வெளியானது, ஒல்லி–குண்டு நகைச்சுவை இணையான லாரல்–ஹார்டியின் மௌனப் படம் ‘தி பேட்டில் ஆஃப் தி செஞ்சுரி’. ஹார்டி போடும் வாழைப்பழத் தோலில், கிரீம் பை (pie) என்ற தின்பண்டம் விற்கும் ஆள் வழுக்கி விழுவான். கோபத்தில் பறக்கும் முதல் பை இன்னொருவர் முகத்தில் அப்ப, அவர் வேறொருவர்மேல் வீச, கடைசியில் தெருவே நனைந்துவிடும். சண்டை ஒவ்வொரு ஆளாகப் பரவுவதுதான் இதன் உயிர். ஆனால் பல பத்தாண்டுகளாக, 1957இல் வந்த ஒரு தொகுப்புப் படத்துக்காக வெட்டிச் சுருக்கிய துண்டுதான் பார்க்கக் கிடைத்தது. இந்தச் சண்டை வரும் இரண்டாம் ரீல் முழுசாக வெளிவந்தது 2015இல், அமெரிக்கச் சேகரிப்பாளர் ஒருவரிடமிருந்த டப்பாவிலிருந்து.

இவ்வளவு புகழ்பெற்ற படம் எப்படித் தொலையும்? காரணம் வேதியியல். அன்றைய 35 மி.மீ. பிலிம் செல்லுலோஸ் நைட்ரேட்டால் ஆனது. நாளாக ஆக அதிலிருந்து நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்கள் கசியும். ஈரம் பட்டதும் அவை அமிலமாகும். அமிலம் பிலிமை அரிக்க அரிக்க வாயு இன்னும் பெருகும். மூடிய டப்பாவுக்குள் அது வெளியேற வழியில்லை. முதலில் படிமம் பழுப்பேறி மங்கும். பிறகு சுற்றுகள் பிசுபிசுத்து ஒட்டிக்கொண்டு, தேன் போலக் குமிழி விட்டு, இறுகி, கடைசியில் பழுப்புத் தூளாக உதிரும். தீப்பிடித்தாலோ தண்ணீரில் அமுக்கினாலும் அணையாது. எரியத் தேவையான ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது. 1943இல் நகைச்சுவை நடிகர் ஹரால்ட் லாயிட் வீட்டுக் கிடங்கில் பற்றிய தீ அவருடைய பழைய படங்கள் பலவற்றை விழுங்கியது.

நகைச்சுவைக் குறும்படங்களுக்கு ஒரு தப்பிக்கும் வழி இருந்தது. 1922இல் பிரெஞ்சு நிறுவனமான பாத்தே 9.5 மி.மீ. பிலிமையும், 1923இல் கோடாக் 16 மி.மீ. பிலிமையும் வீட்டு புரொஜெக்டர்களுக்காகக் கொண்டுவந்தன. எளிதில் தீப்பிடிக்காத அசிடேட் பிலிம் அது. ஒன்றிரண்டு ரீலில் முடிந்துவிடும் சிரிப்புப் படம் வீட்டுக் கூடத்துக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. மூலம் அழிந்த பின்னும், பரணில் கிடந்த பிரதி பிழைத்தது. 2015இல் கிடைத்ததும் 16 மி.மீ. பிரதிதான். அமெரிக்காவின் மிச்சிகனில் பழம்பொருள் விற்பனையில் வாங்கி, 2010இல் அடையாளம் காணப்பட்ட 16 மி.மீ. சுருள் ஒன்றில், 1914ஆம் ஆண்டுப் படத்தில் போலீஸ்காரராக வந்து நின்றவர் சாப்ளின்!

அதனால்தான் சேகரிப்பாளர் எந்த டப்பாவையும் அலட்சியமாகத் திறப்பதில்லை. முதலில் முகர்ந்து பார்ப்பார். வினிகர் நெடி அடித்தால் அசிடேட்டும் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். பிறகு பிலிமின் ஓரத்தை விளக்கொளியில் பிடிப்பார். கோடாக் அங்கே வட்டம், சதுரம், முக்கோணம் என்று ஆண்டுக்கொரு குறி அச்சிட்டிருக்கும். 20 ஆண்டுக்கு ஒருமுறை அதே குறி திரும்பி வருவதால், காட்சியில் தெரியும் காரின் நம்பர் பிளேட்டையும் கடைப்பலகையையும் பார்த்துத்தான் ஆண்டை உறுதிசெய்ய வேண்டும். எனக்கு இந்த வேலையே படத்தைவிடப் பெரிய இன்பமாகத் தோன்றுகிறது.

அதே 1927இல் லாரலும் ஹார்டியும் ஒரு சலவை இயந்திரத்தை நெடும் படிக்கட்டில் தூக்கிக்கொண்டு ஏறிய ‘ஹேட்ஸ் ஆஃப்’ படத்தைச் சேகரிப்பாளர்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.