புனலூர் எத்தனை மணிக்கு மறைந்தது?

புளியரையிலிருந்து பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண் கேட்டிருக்கிறாள். இப்போதுதான் அமெச்சூர் ரேடியோ (பொழுதுபோக்காக வானொலியில் பேசிக்கொள்வது) தேர்வு எழுதி, வியு-3 என்று தொடங்கும் அழைப்புக் குறி வாங்கியிருக்கிறாள். "சார், கம்ப்யூட்டரே எல்லாத்தையும் பதிஞ்சுக்குது. பிறகு எதுக்கு நோட்டுல எழுதச் சொல்லுதீங்க?" இது முதல் கேள்வி. "ராத்திரி எட்டு மணி வாக்குல மோர்ஸ் சத்தம் மாவு மில் ஓடுத மாதிரி கரகரங்குது. என் ரிக்கு கெட்டுப்போச்சா?" இது இரண்டாவது.

ரிக்கு, அதாவது உன் ரேடியோப் பெட்டி, நன்றாகத்தான் இருக்கிறது, தாயி. இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. அங்கே போய்ச் சேர, ஆரியங்காவுக்கு ரயில் வளைந்து வளைந்து ஏறுவதுபோல் கொஞ்சம் சுற்ற வேண்டும், அவ்வளவுதான்.

யாரோடு எப்போது பேசினோம் என்று எழுதிவைக்கும் லாக் புக்கைப் பார்த்திராதவர்கள் வீட்டில் இருக்கும் மொய் நோட்டை நினைத்துக்கொள்ளலாம். யார், எந்த ஊர், எவ்வளவு என்று கோடு போட்டு எழுதுகிற அதே நீள நோட்டுதான். ஹாம் ஆட்கள், அதாவது அமெச்சூர் ரேடியோக்காரர்கள், அதில் தேதி, நேரம், அலைவரிசை, பேசிய முறை (குரலா, மோர்ஸா, எஃப்டி-8 மாதிரி டிஜிட்டலா), எதிர்முனையின் அழைப்புக் குறி, கொடுத்த மதிப்பெண், வாங்கிய மதிப்பெண் என்று எழுதுவார்கள். 1978-ஆம் ஆண்டின் அமெச்சூர் சேவை விதிகளே பதிவேடு வைக்கச் சொல்கின்றன. மொய்யைப் போலவே இதிலும் இரு பக்கத்துக் கணக்கும் ஒத்துப்போக வேண்டும். அவர் நோட்டில் நான் இருந்தால்தான் என் நோட்டில் அவர் இருப்பதற்கு மதிப்பு. அதை உறுதிசெய்து அனுப்பும் தபால் அட்டைக்கு க்யூஎஸ்எல் என்று பெயர்.

நேரத்தை எழுதுவதில்தான் புதியவர்கள் சறுக்குவார்கள். உலகம் முழுக்க ஹாம்கள் பெரும்பாலும் யுடிசி என்னும் உலகப் பொது நேரத்தில் எழுதுவார்கள். நம் கடிகாரத்திலிருந்து ஐந்தரை மணி நேரம் கழிக்க வேண்டும். விடியற்காலை நாலு மணிக்குப் பேசினால் யுடிசியில் அது முந்தைய நாள் இரவு 22:30. நேரத்தை மட்டும் கழித்து, தேதியை மாற்ற மறந்தால் தீர்ந்தது. நான் முதன்முதலில் ஃபின்லாந்து நிலையம் ஒன்றோடு பேசியது அப்படி ஒரு விடியற்காலையில். ஆசை ஆசையாக அட்டை அனுப்பினேன். பல மாதம் கழித்து அதே அட்டை, 'பதிவேட்டில் இல்லை' என்ற முத்திரையோடு திரும்பி வந்தது. நான் எழுதியிருந்தது மறுநாள் தேதி. அந்த அட்டையை இன்னும் வைத்திருக்கிறேன், மேசைக் கண்ணாடிக்கு அடியில்.

மதிப்பெண் கதை வேறு. ஆர்-எஸ்-டி என்பார்கள். முதல் எண் எவ்வளவு தெளிவாகப் புரிகிறது என்பதற்கு, ஐந்துக்கு. இரண்டாவது சிக்னலின் வலுவுக்கு, ஒன்பதுக்கு. மோர்ஸ் என்றால் மூன்றாவதாக ஓசையின் தூய்மைக்கும் ஒன்பதுக்கு ஓர் எண். இன்றைக்கு யாரும் 599-க்குக் குறைத்துக் கொடுப்பதில்லை. பாதிப் பேச்சு கேட்கவில்லை, பெயரை நாலு முறை திருப்பிக் கேட்கிறார், கொடுப்பது மட்டும் 599! எல்லோரும் நூற்றியொன்று எழுதும் மொய் நோட்டைப் படிப்பதில் என்ன சுவாரசியம்? அந்தக் கடைசி ஒன்பதைத்தான் நான் பிறகு பிடித்துக்கொள்ளப் போகிறேன்.

இனி புனலூர். செங்கோட்டையில் இருக்கும் எனக்குப் புனலூரில் ஒரு ஹாம் நண்பர் உண்டு. ரயிலில் போனால் ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் நடுவில் மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. என் மொட்டைமாடியின் தண்ணீர்த் தொட்டிக்கும் தென்னை மரத்துக்கும் நடுவே கட்டிய கம்பியிலிருந்து நேராகக் கிளம்பும் அலை குற்றாலத்து மலையில் முட்டிக்கொள்ளும். ஆகவே நாங்கள் பேசும் வழி மேலே. 7 மெகாஹெர்ட்ஸில் அலை ஏறத்தாழ செங்குத்தாக முந்நூறு கிலோமீட்டர் ஏறி, அயனி மண்டலத்தில் திரும்பி, இன்னொரு முந்நூறு இறங்கிப் புனலூரில் விழுகிறது. பக்கத்து ஊர்க்காரரிடம் "சாயா குடிச்சாச்சா" என்று கேட்க அறுநூறு கிலோமீட்டர்.

அயனி மண்டலம் பள்ளிப் பாடம்தான். சூரியனின் புற ஊதாக் கதிர் காற்றிலிருந்து எலக்ட்ரானைப் பிய்க்கிறது. கீழே டி, நடுவில் இ, மேலே எஃப் என்று அடுக்குகள். ஓடிக் கடந்துவிடலாம். நமக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: நேர் மேலே போகும் அலை திரும்பி வருமா, விண்வெளிக்கு ஓடிவிடுமா என்பதை எஃப் அடுக்கின் அடர்த்தி முடிவு செய்கிறது. ஒரு கன மீட்டரில் உள்ள எலக்ட்ரான்களின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் எடுத்து ஒன்பதால் பெருக்கினால், திரும்பி வரும் உச்ச அதிர்வெண் ஹெர்ட்ஸில் கிடைக்கும். கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். 7 மெகாஹெர்ட்ஸ் திரும்ப வேண்டுமானால் ஒரு கன சென்டிமீட்டரில் சுமார் ஆறு லட்சம் எலக்ட்ரான் வேண்டும்.

இரவு ஏற ஏற எலக்ட்ரான்கள் அயனிகளோடு மீண்டும் சேர்ந்து குறைந்துகொண்டே வரும். ஆறு லட்சத்துக்குக் கீழே இறங்கும் கணத்தில் புனலூர் மறையும். மெல்லத் தேய்ந்து போவதில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே, யாரோ கதவைச் சாத்தியதுபோல. அதே அலைவரிசையில் இந்தோனேசியாக்காரர் மட்டும் கணீரென்று கேட்பார். அவர் அலை சாய்வாக வருவதால் குறைந்த அடர்த்தியிலும் திரும்பிவிடுகிறது. "சாரே, கேள்க்காமோ?" என்ற குரல் பாதியில் அறுந்த நேரத்தை நான் நோட்டில் எழுதிவைப்பேன். யோசித்துப் பாருங்கள்: என்னிடம் ராக்கெட் இல்லை, ராடார் இல்லை. ஒரு பென்சிலும் சுவர்க் கடிகாரமும் இருக்கிறது. தலைக்கு மேல் முந்நூறு கிலோமீட்டர் உயரத்தில் ஒரு சர்க்கரைக் கட்டி அளவு இடத்தில் எத்தனை எலக்ட்ரான் என்று அந்த நிமிடத்தில் எனக்குத் தெரிந்துவிடுகிறது.

பழைய நோட்டுகளைப் புரட்டினால் சூரியனின் பதினோரு ஆண்டுச் சுழற்சி அந்த நேரங்களில் அப்படியே கிடக்கிறது. பெரும்பாலான நாள் சூரியப் புள்ளியே இல்லாமல் சூரியன் சோம்பிக் கிடந்த 2008, 2009-இல் புனலூர் சீக்கிரமே காணாமல் போகும். 2024-இல் நள்ளிரவு தாண்டியும் பேசித் தொலைத்து வீட்டில் திட்டு வாங்கியிருக்கிறோம்.

சரி, மாவு மில்லுக்கு வருவோம். எனக்கு மிகப் பிடித்த இடம் இது.

நாம் குடியிருக்கும் இடம் சாதாரண இடமில்லை. பூமியின் காந்த நடுக்கோடு தென் தமிழகத்தையும் தென் கேரளத்தையும் ஒட்டித்தான் போகிறது. காந்த ஊசியைத் தொங்கவிட்டால் இங்கே மேலேயும் சாயாது, கீழேயும் சாயாது, படுத்தே கிடக்கும். 1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணிலிருந்து கிளம்பிய முதல் ஆய்வு ராக்கெட்டுக்கு மலைக்கு அந்தப் பக்கம் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுவே காரணம்.

படுத்துக் கிடக்கும் காந்தப்புலம் தெற்கு வடக்காக ஓடுகிறது. பகலில் மேல்வெளியில் கிழக்கு நோக்கி ஒரு மின்புலம் இருக்கும். இரண்டும் குறுக்கே சந்தித்தால் எலக்ட்ரானும் அயனியும் சேர்ந்து மேலே தள்ளப்படும். சாயங்காலம், அடங்குவதற்குச் சற்று முன்னால், அந்த மின்புலம் அணையப்போகும் விளக்குபோல் ஒரு துள்ளு துள்ளும். எஃப் அடுக்கு மொத்தமாகக் கிடுகிடுவென்று உயரே ஏறும். அதே நேரம் அதன் அடிப்பக்கத்துக்குச் சூரியன் போய்விட்டது. கீழே காற்று அடர்த்தி என்பதால் அங்கே எலக்ட்ரான்கள் விறுவிறுவென்று தீர்ந்துபோகின்றன. விளைவு: மேலே கனமான அடுக்கு, கீழே காலி.

இது எங்கே போய் முடியும்? கண்ணாடித் தம்ளரில் நல்லெண்ணெய் கீழே, தண்ணீர் மேலே இருக்குமாறு எப்படியோ நிறுத்திவிட்டீர்கள் என்று வையுங்கள். எத்தனை நேரம் நிற்கும்? எங்காவது ஒரு சின்ன நெளிவு விழும். நெளிந்த இடத்தில் எண்ணெய் மேலே ஏறும், ஏறியதால் நெளிவு பெரிதாகும், பெரிதானதால் இன்னும் ஏறும். மேல்வெளியிலும் அப்படித்தான். எலக்ட்ரான் இல்லாத காலிப் பகுதி குமிழாகக் கிளம்பி, அடர்ந்த அடுக்கைப் பிளந்துகொண்டு ஏறுகிறது. சில குமிழ்கள் ஆயிரம் கிலோமீட்டர் உயரம் தாண்டியும் போவதுண்டு. ஏறும்போது காந்தப்புலக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு தெற்கிலும் வடக்கிலும் நீள்கிறது. ஓரமெல்லாம் கிழிந்து நார் நாராகிறது.

அந்த நார்களில் பட்டுத் திரும்பும் அலை ஒன்றாக வருவதில்லை, பத்தாக வருகிறது. ஒவ்வொரு நாரும் ஒவ்வொரு வேகத்தில் நகர்வதால் ஒவ்வோர் எதிரொலியும் ஒரு மயிரிழை வேறு அதிர்வெண்ணில் இருக்கும். அவை ஒன்றையொன்று கூட்டியும் கழித்தும், குழல் ஓசைபோல் வர வேண்டிய மோர்ஸை வினாடிக்குப் பல முறை வெட்டுகின்றன. நீ கேட்ட மாவு மில் அதுதான். ஓசைத் தூய்மைக்கான அந்தக் கடைசி எண், அனுப்புகிறவரின் கருவி ஒழுங்காக இருக்கிறதா என்று சொல்ல ஏற்பட்டது. எங்கள் ஊரில் அது வானத்துக்குப் போடும் மதிப்பெண். நான் கூச்சமில்லாமல் 596, 595 என்று கொடுப்பேன். சிலர் கோபித்துக்கொண்டதும் உண்டு.

அயனி மண்டலப் பதிவுகள் இப்படிக் கலைந்து தெரிவதை 1938-இல் புக்கர், வெல்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் எழுதினார்கள், பெரு நாட்டின் உவான்காயோவில் எடுத்த பதிவுகளை வைத்து. அதுவும் காந்த நடுக்கோட்டு ஊர். தலைகீழ் அடுக்குதான் காரணம் என்று டஞ்சி என்ற இயற்பியலாளர் சொன்னது 1956-இல். செங்கோட்டை திருவிதாங்கூர்க் கணக்கிலிருந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்ததும் அதே ஆண்டுதான். இரண்டுக்கும் சம்பந்தமில்லை, எனக்கு நினைவு வைத்துக்கொள்ள வசதி.

என் நோட்டில் குறிப்புப் பத்தியில் கரகரப்புக்கு 'க' என்று ஒற்றை எழுத்து போட்ட நாள்களைப் பார்த்தால் அவை பங்குனி, சித்திரையிலும் புரட்டாசி, ஐப்பசியிலும் குவிகின்றன. வெகுநாள் இது மழை ஈரத்தால் கம்பியில் வரும் கோளாறு என்றே நினைத்திருந்தேன். ஆனால் சாரல் கொட்டும் ஆனி, ஆடியில் 'க' அரிது! உண்மைக் காரணம் அழகானது. நம் பகுதியில் திசைகாட்டி ஏறத்தாழ நேர் வடக்கையே காட்டுகிறது. இரவும் பகலும் சமமாக இருக்கும் மாதங்களில், பகலையும் இரவையும் பிரிக்கும் அந்திக் கோடும் நேர் தெற்கு வடக்காக விழுகிறது. அதனால் ஒரு காந்தக் கோட்டின் தென்முனையிலும் வடமுனையிலும் ஒரே நேரத்தில் சூரியன் மறைகிறது. ஒரு முனையில் இன்னும் பகல் இருந்தால் அது மின்புலத்தின் துள்ளலைக் கடத்தி அமுக்கிவிடும். இரண்டு முனையும் சேர்ந்து இருட்டினால் தடுக்க ஆளில்லை.

இந்தக் குமிழ்கள் செயற்கைக்கோள் வழிகாட்டிச் சிக்னலையும் குலைப்பவை. ஆகவே இது கிழட்டு ஹாம்களின் பொழுதுபோக்கு மட்டுமல்ல. ஆனால் தினமும் அலுக்காமல் அளந்து எழுதும் வேலைக்குப் பணம் ஒதுக்க நமக்கு மனம் வருவதில்லை. ராக்கெட் கிளம்பினால் கைதட்டுவோம். கொடைக்கானலில் நூறாண்டுக்கும் மேலாகச் சூரியனைப் படம் பிடித்துச் சேர்த்து வைத்திருக்கிறார்களே, அதற்குக் கைதட்டியவர் எத்தனை பேர்? புதிய கருவிக்குக் கொடுக்கும் காசில் கால் பங்கை, பழைய கருவியை நிறுத்தாமல் ஓட்டக் கொடுத்தால் போதும் என்பது என் கட்சி.

2010 ஜனவரி 15, மாட்டுப் பொங்கல் அன்று எங்கள் தலைக்கு மேல் வளையக் கிரகணம். தெருவில் ஒரு குஞ்சு இல்லை. கதவைச் சாத்தி, சோற்றில் தர்ப்பையைப் போட்டு மூடிவைத்து, கர்ப்பிணிகளை அசையாதே என்று படுக்க வைத்துவிட்டார்கள். நான் ரிக் முன்னால் இருந்தேன். பகலில் தூரத்து 7 மெகாஹெர்ட்ஸ் சிக்னலை விழுங்கும் டி அடுக்கு, வெயில் குறைந்ததும் மெலிந்தது. உச்சி வெயில் நேரத்தில், ராத்திரி மாதிரி, வட இந்திய நிலையங்கள் வரிசையாக வந்தன. 07:45 யுடிசியை ஒட்டி நோட்டின் அந்தப் பக்கம் நிறைந்திருக்கிறது. கிரகணத்தில் வெளியே தலைகாட்டினால் என்ன ஆகும் என்பதற்கு என்னிடம் எழுத்துப்பூர்வமான ஆதாரம் அது ஒன்றுதான்.

கம்ப்யூட்டர் பதிவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எஃப்டி-8-இல் பதினைந்து வினாடிக்கு ஒரு முறை அதுவே எழுதிக்கொள்ளட்டும். ஆனால் அது பேசியதை மட்டும்தான் எழுதும். பத்து நிமிடம் கூப்பிட்டும் யாரும் வராததை எழுதாது. புனலூர் அறுந்த நிமிடத்தை எழுதாது. குழலோசை எப்போது கரகரக்கத் தொடங்கியது, எப்போது தெளிந்தது என்று எழுதாது. அதற்குத்தான் நோட்டு. 'அழைத்தேன், பதிலில்லை' என்பதையும் ஒரு வரியாகப் போடு.

இன்னொன்று. இந்தக் குமிழ்கள் பிறந்த இடத்தில் நிற்பதில்லை. இரவில் கிழக்கே நகர்கின்றன, வினாடிக்கு நூறு மீட்டர் என்கிற அளவில். கொல்லத்துக்கும் தூத்துக்குடிக்கும் கிழக்கு மேற்காக நூற்றெழுபது கிலோமீட்டர் இடைவெளி. கொல்லத்தில் பக்கத்து ஊரோடு பேசுகிறவருக்குக் கரகரப்பு தொடங்கினால், அரை மணிக்குள் தூத்துக்குடிக்காரருக்கும் தொடங்க வேண்டும். அங்கேயே புதிதாக முளைத்த குமிழாகவும் இருக்கலாம். அதனால் ஓர் இரவை வைத்து முடிவு கட்டாதே, ஒரு பங்குனி முழுக்க எழுது. கொல்லத்தில் எனக்கு ஆள் இருக்கிறது. நேற்று 14:10 யுடிசிக்கு 'க' போட்டதாகச் சொன்னார், என் நோட்டில் 14:21. தூத்துக்குடியில் நீ ஆள் பிடி.