உட்தோல் இல்லை, அகவணி

அடைத்த இதய ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் கம்பி வலைக் குழலான ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வீடு திரும்பிய மாமாவிடம் ஒரு துண்டுத்தாள் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். "உட்தோல் முழுமையாக ஆறும் வரை மாத்திரையை நிறுத்தக் கூடாது." பத்து நாள் கழித்து மணிக்கட்டைத் திருப்பிக் காட்டுகிறார், குழாய் விட்ட இடத்தில் ஒரு சின்னப் புள்ளிதான் பாக்கி. "தோல்தான் ஆறிடுச்சே மாப்ள, இன்னும் எதுக்கு மாத்திரை?" அவர் கேட்டதில் தப்பே இல்லை, தாளில் இருந்த சொல்தான் தப்பு.

ரத்தக்குழாயின் உட்பக்கத்தை மூடியிருக்கும் எண்டோதீலியத்தைத்தான் இப்படி எழுதுகிறார்கள். 1865இல் வில்ஹெல்ம் ஹிஸ் என்ற சுவிஸ் உடற்கூற்றியலாளர் வைத்த பெயர் அது. கிரேக்கத்தில் எண்டோ என்றால் உள்ளே, தீலி என்றால் முலைக்காம்பு. உடலின் பரப்புகளை மூடும் செல் அடுக்கைக் குறிக்கும் எபிதீலியம் என்ற பழைய சொல்லைப் பார்த்து உருவாக்கியது, அதனால்தான் அந்தக் காம்பு. தோல் என்ற பொருள் அதில் எங்கேயும் இல்லை.

முதலில் உள்ளும் தோலும் சேர்ந்தால் உட்டோல், இல்லையென்றால் பிரித்து உள்தோல்; உட்தோல் எந்தப் புணர்ச்சியிலும் வராது. அதைக்கூட விட்டுவிடலாம். தோல் பல அடுக்கு, இதுவோ ரத்தக்குழாயின் உட்பக்கம் முழுக்க ஒரே வரிசையாக ஒட்டியிருக்கும் செல்கள். சிலர் அகத்தோல் என்கிறார்கள், அது தாவரவியல்காரர்கள் வேருக்குள் இருக்கும் அடுக்குக்கு எப்போதோ வைத்துவிட்ட பெயர். இலங்கையில் எபிதீலியத்தை மேலணி என்பார்கள், அதற்கு ஜோடியாக அகவணி இருக்கிறது. அணி என்றால் வரிசை, உடுத்துவதும் அணிவதுதான். இரண்டுமே இங்கே பொருந்துகிறது. கைக்கெட்டும் தூரத்தில் இவ்வளவு நல்ல சொல் இருக்கும்போது தோலை ஏன் இழுக்க வேண்டும்?

இதைவிட எனக்குக் கோபம், உரிந்த அகவணி திரும்ப வளர்வதற்கு வைத்திருக்கும் 'மறு உட்தோலாக்கம்' மீதுதான். எதைப் பார்த்தாலும் முன்னால் ஒரு மறு, பின்னால் ஒரு ஆக்கம் ஒட்டிவிட்டால் மொழிபெயர்ப்பு முடிந்தது என்று நினைக்கிறார்கள். ஆக்கம் என்றால் யாரோ ஆக்க வேண்டும். உள்ளே நடப்பது வேறு. ஸ்டென்ட் வைக்கக் குழாய்க்குள் பலூனை விரிக்கும்போது அகவணி உரிந்துபோகிறது, அடியில் இருக்கும் கொலாஜன் என்ற நார்ப் புரதம் வெளிப்பட்டதும் ரத்தத் தட்டுகள் வந்து ஒட்டுகின்றன, உறைகட்டி உருவாகும் ஆபத்து அங்கேதான். அப்புறம் காயத்தின் ஓரத்தில் மிஞ்சிய செல்கள் தட்டையாக விரிந்து, வெற்றிடத்தை நோக்கி நகர்ந்து, பிரிந்து பெருகி இடத்தை மூடுகின்றன. வேலியில் கொடி ஏறுவது மாதிரி. படர்தல் என்ற சொல் இதற்கென்றே பிறந்தது, அதனால் நான் அகவணி மீள்படர்வு என்றே எழுதுகிறேன். அடியில் இருக்கும் தசைச் செல்கள் வளர்ந்து குழாயை மறுபடி அடைத்துவிடாமல் இருக்க ஸ்டென்டில் சிரோலிமஸ் போன்ற மருந்து பூசுகிறார்கள், அதே மருந்து இந்தப் படர்வையும் தாமதப்படுத்துகிறது. மாதக்கணக்கில் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடச் சொல்வது இதனால்தான்.

மாமாவிடம் இதைத்தான் சொன்னேன், கையில் ஆறியது தோல், நெஞ்சுக்குள்ளே அகவணி இன்னும் கம்பி மேல் படரவில்லை என்று. "அப்படி எழுதியிருக்கலாமே" என்றவர் மாத்திரை டப்பாவைத் தேடிப் போனார்.