அழாத பிள்ளையின் பயம்

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “ஐந்து வயது மகனுக்கு டான்சில் ஆபரேஷன். தியேட்டருக்குள் போகும்வரை சத்தமே இல்லை. சமத்துப் பிள்ளை என்று எல்லோரும் மெச்சினார்கள். மயக்கம் தெளிந்ததும் என்னையே அடையாளம் தெரியாததுபோல் அலறி உதைத்தான். ஏன்?”

வயது, வலி, கொடுத்த மயக்க மருந்து எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. செவோஃபுளூரேன் என்ற மயக்க வாயுவிலிருந்து விழிக்கும் சின்னப் பிள்ளைகள் இப்படிக் குழம்புவது மயக்க மருத்துவர்களுக்குப் பழகிய காட்சி. பெரும்பாலும் சிறிது நேரத்தில் தானே அடங்கிவிடும். ஆனால் உள்ளே போகும்முன்பே பயந்திருந்த பிள்ளைகளிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. உங்கள் சமத்துப் பிள்ளை பயந்திருந்தானா? இருந்திருக்கலாம்.

பயம் என்றால் அட்ரினலின், படபடப்பு, ஓட்டம் என்று பள்ளியில் படித்தோம். ஓட்டத்துக்கு முந்தைய படி ஒன்று உண்டு. தேயிலைத் தோட்டத்து ஒற்றையடிப் பாதையில், வளைவு திரும்பியதும் காட்டெருமை நிற்கிறது. ஓடுவீர்களா? கால் தானாக நின்றுவிடும். நீங்கள் யோசித்து எடுத்த முடிவல்ல அது. ஆபத்தை மோப்பம் பிடிக்கும் மூளைப் பகுதியான அமிக்டலா நடுமூளையை உசுப்ப, அங்கிருந்து “அசையாதே” என்று உத்தரவு வந்துவிடுகிறது. எனக்கு அலுக்காத விந்தை இதுதான்: ஆக்சிலரேட்டரும் பிரேக்கும் ஒரே நேரத்தில் மிதிபடுகின்றன. தசைகள் பாய்வதற்கு முறுக்கேறி நிற்க, வேகஸ் நரம்போ இதயத் துடிப்பை இழுத்துப் பிடிக்கிறது. கண்ணும் காதும் மட்டும் கூர்மையாகின்றன. பார்ப்பவருக்கு அது அமைதியாகத் தெரிகிறது.

குன்னூரில் ஒரு மருத்துவமனை வராந்தாவில் ஒரு சிறுமி, குல்லாவும் ஸ்வெட்டருமாகப் பாட்டி மடியில் உட்கார்ந்திருந்தாள். ஸ்வெட்டர் பொத்தானைப் பற்றிய விரல்நுனிகள் வெளுத்திருந்தன. டிராலிச் சக்கரம் கிறீச்சிடும்போதெல்லாம் கண்கள் மட்டும் அந்தப் பக்கம் ஓடின. (கை சில்லிட்டிருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பது மலையில் உதவாது, இங்கே எல்லோர் கையும் சில்லென்றுதான் இருக்கும்.)

ஆபரேஷனுக்கு முன் பிள்ளையின் பயத்தை அளக்க, இந்த மௌனத்துக்கும் மதிப்பெண் போடும் அளவுகோல் ஒன்று இருக்கிறது. யேல் பல்கலைக்கழகத்தில் ஸீவ் கெய்ன் குழுவினர் உருவாக்கி 1997இல் திருத்தியது. விளையாட்டு, பேச்சு, முகபாவம், விழிப்பு நிலை, பெற்றோரை ஒட்டிக்கொள்ளும் விதம் என்று ஐந்தைக் கவனிக்கிறது. பேச்சுப் பிரிவைப் பாருங்கள்: கேள்வி கேட்டு வளவளக்கும் பிள்ளைக்கு 1. கிசுகிசுத்து, தலையை மட்டும் ஆட்டினால் 2. வாயே திறக்காவிட்டால் 3. வீறிட்டு ஓயாமல் அழுதால் 6. நாம் மெச்சும் மௌனம் ஏணியின் நடுப்படியில் நிற்கிறது!

பழகியவர்களுக்கு இதைப் போட ஒரு நிமிடம்கூட ஆகாது. தாளும் பேனாவும் போதும். ஆனால் புது இயந்திரம் வந்தால் திறப்பு விழா உண்டு, ஒரு தாளுக்கு ரிப்பன் வெட்ட யார் வருவார்கள்? நம் பங்குக்கு நாமும், “அடம் பிடித்தால் டாக்டர் ஊசி போட்டுவிடுவார்” என்று வீட்டிலேயே மிரட்டிப் பழக்கி வைக்கிறோம்.

அடுத்த முறை அவனிடம் “பயமா?” என்று கேட்காதீர்கள், தலையைத்தான் ஆட்டுவான். “நம் பூனை இப்போது எங்கே படுத்திருக்கும்?” என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல் சொல்லாக வந்தால் சரி. வரவில்லையென்றால் மயக்க மருத்துவரிடம் உடனே சொல்லிவிடுங்கள். தேவைப்பட்டால் மிடாசோலம் போன்ற, பயத்தைத் தணிக்கும் மருந்தை வாய்வழியே கொடுப்பார். அது வேலை செய்ய இருபது, முப்பது நிமிடம் வேண்டும். தியேட்டர் வாசலில் போய் நினைவுபடுத்தினால் நேரம் போதாது.