சாட்டர்: அதிர்வா, நடுக்கமா?

இழைப்பு எந்திரத்தில் பலகையைத் தள்ளுகிறோம். சீரான இரைச்சலுக்கு நடுவே திடீரென்று 'கிர்ர்ர்' என்று ஒரு கரகரப்பு. வெளியே வந்த பலகையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் குறுக்கே வரிவரியாய் மேடுபள்ளம். எந்திரக்காரர்கள் இதைத்தான் 'சாட்டர்' என்கிறார்கள்.

ஆங்கிலத்தில் இது ஒலிக்குறிப்பாகப் பிறந்த சொல். பறவைகளின் கீச்சொலியைக் குறித்தது. அப்புறம் ஓயாத அரட்டை, குளிரில் பல் அடித்துக்கொள்வது என்று நீண்டு, எந்திரத்துக்கும் வந்துவிட்டது.

தமிழில் பலரும் 'அதிர்வு' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நல்ல பழைய சொல்தான்; 'அதிர வருவதோர் நோய்' என்று குறளிலேயே (429) இருக்கிறது. ஆனால் எந்திரவியலில் அது 'வைப்ரேஷன்' முழுவதற்கும் பொதுச்சொல்லாகிவிட்டது. சாட்டர் அதில் ஒரு வகை மட்டும்.

வேறுபாடு இதுதான். கத்திகள் பூட்டி நிமிடத்துக்கு 5,000 சுற்று சுற்றும் உருளையில், மையத்திலிருந்து 6 செ.மீ. தள்ளி 5 கிராம் எடை கூடுதலாக இருந்தால் போதும். ஏறக்குறைய 8 கிலோ எடை தொங்குவது போன்ற இழுப்பு, நொடிக்கு 83 முறை திசை சுற்றி வரும். மரம் படாமல் வெறுமனே ஓடும்போதும் இது இருக்கும். இது அதிர்வு.

சாட்டரோ வெட்டும்போது மட்டும் எழுவது. கத்தி ஒரு முறை துள்ளினால் மரத்தில் அலை பதிகிறது. அடுத்த வெட்டு அந்த அலைமேல் விழுகிறது. மேட்டில் சுமை கூடி, பள்ளத்தில் குறைய, கத்தி இன்னும் துள்ளுகிறது. தன் தீனியைத் தானே போட்டுக்கொள்ளும் ஆட்டம். இதற்கு 'வெட்டு நடுக்கம்' பொருந்தும் என்பது என் கட்சி. பல் நடுங்குகிறது என்று நாமும் சொல்கிறோமே! 'கிடுகிடுப்பு' காதுக்கு இன்னும் நெருக்கம்தான். ஆனால் கட்டுரையில் எழுதினால் சிரிப்பு வரும்.

இரண்டுமே கடைசியில் போய் அடிப்பது, உருளையின் தண்டைச் சுழலவிட்டுத் தாங்கும் பேரிங்கை, அதாவது தாங்கியை. குண்டுத் தாங்கியின் மேல் சுமை இருமடங்கானால் அதன் ஆயுள் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கும். நசுங்கிய தாங்கியில் தண்டு தளர்ந்து ஆட, நடுக்கத்துக்கு வழி இன்னும் திறக்கும். தண்டும் தாங்கியும் கவ்வும் இடத்தைக் கழற்றிப் பார்த்தால், செங்கல் தூள் போல ஒரு பொடி விரலில் ஒட்டும். இறுக்கமாகப் பூட்டிய இரண்டு இரும்புப் பரப்புகள் மயிரிழை அளவுக்கு உரசி உரசி விட்ட துரு அது.