ப்ராம்ப்ட்: கட்டளையா, தூண்டலா, எடுப்பா?

"அவரு காசு விஷயத்துல ரொம்ப ப்ராம்ப்ட்டுப்பா"ன்னு சொல்வோம்ல, அந்த ப்ராம்ப்ட்டும் ஏஐல படம் வரைய டைப் பண்ற ப்ராம்ப்ட்டும் ஒரே வேர்தான். லத்தீன்ல ப்ரோமெரேன்னு ஒரு வினைச்சொல், உள்ள இருக்கறதை வெளில எடுக்கறதுன்னு அர்த்தம். எடுத்து ரெடியா வெச்சிருக்கறது ப்ராம்ப்டுஸ். அதுல இருந்துதான் தாமதம் பண்ணாத ஆளும் வந்தாரு, நாடகத்துல வசனம் மறந்து முழிக்கறவருக்கு சைடுல மறைஞ்சு நின்னு அடுத்த வரிய எடுத்துக் குடுக்கறவரும் வந்தாரு.

ரெண்டாவது ஆளைத்தான் நல்லா பார்க்கணும். தமிழ் தெரியாத ஹீரோயினுக்கு கேமரா பக்கத்துல நின்னு அசிஸ்டன்ட் டைரக்டர் வரி வரியா வசனம் சொல்வாரே, அதுக்கு நம்ம ஷூட்டிங் ஸ்பாட்ல பேரே ப்ராம்ப்டிங்தான், ஏஐ எல்லாம் வர்றதுக்கு ரொம்ப முன்னாடில இருந்தே. கம்ப்யூட்டர்லயும் பழசுதான், விண்டோஸுக்கு முன்னாடி இருந்த டாஸ்ங்கற பழைய சிஸ்டம் காலத்துல கறுப்பு ஸ்க்ரீன்ல கர்சர் மினுக்கு மினுக்குன்னு நிக்குமே, அந்த கமாண்ட் ப்ராம்ப்ட். அங்க எடுத்துக் குடுத்தது மெஷின், "ம், டைப் பண்ணு"ன்னு. இப்ப தலைகீழ். 2022ல டால்-ஈ 2, மிட்ஜர்னி, ஸ்டேபிள் டிஃப்யூஷன்னு படம் வரையற ஏஐ எல்லாம் வரிசையா வந்தப்புறம் நாம எடுத்துக் குடுக்கறோம், மெஷின் மேல கொண்டு போகுது.

சரி, தமிழ்ல என்ன சொல்றது? "கட்டளை"ன்னு நிறைய பேர் எழுதறாங்க, எனக்கு ஒத்துக்கவே முடியல. கட்டளைன்னா சொன்னதை அப்படியே செய்யணும்ல? "ஆளே இல்லாத தெரு"ன்னு போட்டுப் பாருங்க, பல சமயம் நடுத்தெருவுல ஒருத்தர் நிப்பாரு. ஏன்னா அந்த மெஷின் படத்தையும் படத்துக்கான குறிப்பையும் கோடிக்கணக்குல பார்த்துப் பழகினது, வெறும் புள்ளிக் குப்பையில ஆரம்பிச்சு உங்க வார்த்தையோட ஒத்துப்போற பக்கமா கொஞ்சம் கொஞ்சமா நகருது, அவ்ளோதான். படத்துல இல்லாததை யாரு குறிப்புல எழுதி வெச்சாங்க? அதனாலதான் வேண்டாததைச் சொல்ல நெகட்டிவ் ப்ராம்ப்ட்னு தனிப் பெட்டியே வெக்க வேண்டி வந்துச்சு. "ஏவல்"னும் சிலர் சொல்றாங்க, இலக்கணத்துல சரி, ஆனா எங்க பாட்டி காதுல விழுந்தா எலுமிச்சம்பழம் தேட ஆரம்பிச்சிருவாங்க.

"தூண்டல்" பரவாயில்ல. விளக்குல திரி கருகி மங்கும்போது ஒரு குச்சியால மேல தள்ளி விடுவோம்ல, அதான் தூண்டறது, அந்தக் குச்சிதான் தூண்டுகோல். நல்ல சொல்தான், ஆனா வார்த்தையைக் கொடுக்கறதுங்கற சாயல் அதுல வரல.

அந்தச் சாயல் நம்மகிட்ட வேற இடத்துல இருக்கு. சேக்கிழாருக்கு தில்லை நடராஜர் "உலகெலாம்"னு அடியெடுத்துக் குடுத்தாரு, அருணகிரிநாதருக்கு முருகன் "முத்தைத்தரு"ன்னு எடுத்துக் குடுத்தாருன்னு கேட்டிருப்போம். ஒரே ஒரு சொல், மிச்சத்தை எழுதினது புலவர். ப்ராம்ப்ட்டுக்கு இதைவிட கச்சிதமான விளக்கம் எனக்குத் தெரிஞ்சு இல்ல (இங்க புலவர் இடத்துல மெஷின் உக்காந்திருக்குங்கறது வேற வயித்தெரிச்சல்).

ப்ராம்ப்ட்ல நிறைய பேர் சேர்த்துப் போடற "சினிமாட்டிக்"ங்கற வார்த்தையிலயும் ஒரு சிக்கல் இருக்கு. கிரேக்கத்துல கினேமான்னா அசைவு, அதுல இருந்து 1895ல லூமியேர் சகோதரர்களோட சினிமாட்டோகிராஃப், அப்புறம் சினிமா. ஆனா தமிழ்ல "சினிமாத்தனமா இருக்கு"ன்னா பாராட்டு இல்ல, திட்டு. ப்ராம்ப்ட்ல சொல்ற சினிமாட்டிக் ஒளிப்பதிவாளரோட கண்ணு. அந்த ஒத்தை வார்த்தைய மட்டும் நம்பினா என்ன ஆகும்னு நானே பட்டிருக்கேன், "மழை ராத்திரி, டீக்கடை, சினிமாட்டிக்"னு ஒரு டூல்ல போட்டேன், நீல வெளிச்சமும் ஆரஞ்சு வெளிச்சமுமா ஏதோ வெளிநாட்டு காபி ஷாப் வந்து நின்னுச்சு. அப்புறம் அந்த வார்த்தையவே தூக்கிட்டு, ஓலைச் சாய்ப்புல தொங்கற ஒரே குண்டு பல்பு, பாய்லர்ல இருந்து கிளம்பற ஆவி, கைய உசத்தி டீ ஆத்தற மாஸ்டர், பின்னால தூரத்துல வர்ற பஸ்ஸோட ஹெட்லைட்டுல மழைக்கம்பி தெரியணும், கேமரா பெஞ்சு உயரத்துல, 35 எம்எம் லென்ஸ்னு எழுதினேன், நம்ம ஊர் வந்துருச்சு. மாஸ்டருக்கு ஒரு கையில ஆறு விரல், அது வேற கதை.

முக்கியமானதை முதல்ல எழுதறது நல்லது. ஸ்டேபிள் டிஃப்யூஷனோட ஆரம்ப வெர்ஷன் ஒரு தடவைக்கு 77 டோக்கன்தான் (டோக்கன்னா ஒரு வார்த்தை, இல்ல வார்த்தையோட ஒரு துண்டு) வாங்கும், மீதியை நறுக்கிரும், பஸ் ஹெட்லைட்டை கடைசில வெச்சா பஸ்ஸே வராது.

அடியெடுத்துக் கொடுத்தல்னு முழுசா சொன்னா நீளம், "அடியெடுப்பு"ன்னா அடிதடி ஞாபகம் வருது. அதனால என் ஓட்டு வெறும் "எடுப்பு"க்கு. தமிழிசைல பல்லவிக்கு எடுப்பு, அனுபல்லவிக்கு தொடுப்பு, சரணத்துக்கு முடிப்புன்னு ஏற்கனவே பேர் இருக்கு. நாம போடறது எடுப்பு, கூட சேர்க்கற லைட்டு லென்ஸ் விவரம் தொடுப்பு, மெஷின் தர்ற படம் முடிப்பு. படம் பளிச்னு வந்தா அதையும் "எடுப்பா இருக்கு"ன்னுதானே சொல்வோம். எடுப்புச் சாப்பாடுன்னு யாராச்சும் கலாய்ச்சா, கலாய்க்கட்டும், எனக்கும் டக்குனு அதான் ஞாபகம் வந்துச்சு.